அமெரிக்க டிஸெபிலிட்டி விண்ணப்பம்: உங்கள் வேலையை எப்படி அளக்கிறார்கள், அதை எப்படி எழுதிக் கொடுப்பது

அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி டிஸெபிலிட்டி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிற நம்மவர்கள் கையில் தடிமனான மருத்துவ ஃபைல் இருக்கும். எம்ஆர்ஐ, ஆபரேஷன் குறிப்பு, மருந்துச் சீட்டு எல்லாம் தேதி வாரியாக அடுக்கியிருப்பார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்கும் படிவத்தில் மட்டும் "கேஷியர், மளிகைக் கடை" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். விண்ணப்பம் அடிபடுவது பல சமயம் அங்கேதான்.

காரணம், இந்தத் திட்டம் நோய்க்குப் பணம் தருவதில்லை. வேலை செய்ய முடியாமல் போனதற்குத் தருகிறது. பகுதி ஊனத்துக்குப் பகுதிப் பணம் என்பதும் கிடையாது. குறைந்தது 12 மாதம் நீடித்த, அல்லது நீடிக்கக்கூடிய, அல்லது மரணத்தில் முடியக்கூடிய பாதிப்பால் கணிசமான எந்த வேலையையும் செய்ய முடியாது என்று நிறுவ வேண்டும். "இந்த வயதில் எனக்கு யார் சார் வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்பது நியாயம்தான், ஆனால் சட்டம் அதைப் பார்ப்பதில்லை. அந்த வேலை நாட்டில் கணிசமான எண்ணிக்கையில் இருக்கிறதா, உங்கள் உடலும் மனமும் அதற்கு ஈடுகொடுக்குமா, இவ்வளவுதான் கேள்வி.

ஆகவே தராசில் இரண்டு தட்டு. ஒன்றில் உங்களிடம் மிச்சமிருக்கும் திறன், இன்னொன்றில் வேலை கேட்கும் திறன். மருத்துவ ஃபைல் முதல் தட்டுக்கு மட்டும்தான் உதவும். இரண்டாவதை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதலில்: கணக்கில் கிரெடிட் இருக்கிறதா?

எஸ்எஸ்டிஐ (சோஷியல் செக்யூரிட்டி டிஸெபிலிட்டி இன்ஷூரன்ஸ்) என்பது நீங்கள் கட்டிய சோஷியல் செக்யூரிட்டி வரியின் பேரில் வருவது. வரி கட்டி வேலை பார்த்ததற்குச் சேரும் புள்ளிக்குக் கிரெடிட் என்று பெயர், ஆண்டுக்கு அதிகபட்சம் 4. பொதுவாக 40 கிரெடிட் வேண்டும், அதில் 20 கடைசி 10 ஆண்டுகளில் சம்பாதித்ததாக இருக்க வேண்டும். வயது குறைந்தவர்களுக்குக் குறைவாகவே போதும். வேலையை விட்டு நாளாகிவிட்டால் இந்தத் தகுதி காலாவதியாகிவிடும். அந்தக் கடைசித் தேதிக்கு முன்பே வேலை செய்ய முடியாத நிலை வந்துவிட்டது என்று காட்டியாக வேண்டும். ஆன்லைன் கணக்கில் உங்கள் வருமானப் பட்டியலைப் பார்த்து முதல் வேலையாக இதைச் சரிபாருங்கள்.

இங்கே நம் ஆட்களுக்கு இரண்டு சிக்கல் உண்டு. கடையிலும் ஓட்டலிலும் கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை பார்த்த வருடங்களுக்கு வரி கட்டப்படவில்லை என்றால், எத்தனை வருடம் முதுகு ஒடிய உழைத்திருந்தாலும் அந்தக் கணக்கில் பூஜ்யம்தான். இரண்டாவது, இந்தியாவோடு அமெரிக்காவுக்கு சோஷியல் செக்யூரிட்டி ஒப்பந்தம் கிடையாது. ஊரில் பிஎஃப் கட்டிய வருடங்கள் இங்கே சேராது. கனடா, பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நார்வே, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளோடு ஒப்பந்தம் இருக்கிறது. டொராண்டோவில் பல ஆண்டு வேலை பார்த்துவிட்டு நியூ ஜெர்சிக்கு வந்த ஒருவர், அமெரிக்காவில் குறைந்தது 6 கிரெடிட் இருந்தால், அங்குள்ள காலத்தையும் சேர்த்துக் கேட்கலாம்.

கிரெடிட் இல்லாதவர்களுக்கு எஸ்எஸ்ஐ என்ற தனித் திட்டம் உண்டு. அதற்கு வருமான, சொத்து வரம்புகளும் குடியுரிமை சார்ந்த விதிகளும் கடுமை. ஆனால் பெரியவர்களின் வேலைத்திறனை அளக்கும் முறை இரண்டிலும் ஒன்றேதான்.

ஐந்து படி

முடிவெடுப்பவர் ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்பார். எதிலாவது விடை கிடைத்துவிட்டால் அதோடு நிறுத்திவிடுவார்.

ஒன்று, இப்போது சம்பாதிக்கிறீர்களா? 2026-இல் மாதம் 1,690 டாலருக்கு மேல் (பார்வையற்றவர்களுக்கு 2,830) உழைத்துச் சம்பாதித்தால் பொதுவாகக் கதவு மூடிவிடும். தொகை ஆண்டுதோறும் மாறும். உடம்பு ஒத்துழைக்காமல் ஆறு மாதத்துக்குள் விட்டுவிட்ட முயற்சியைத் தோல்வியடைந்த முயற்சி என்று கழித்துவிட இடமுண்டு, அதனால் அதை மறைக்காதீர்கள்.

இரண்டு, பாதிப்பு கடுமையானதா? மூன்று, அரசு வைத்திருக்கும் நோய்ப் பட்டியலின் அளவுகோலை எட்டுகிறதா, அல்லது அதற்குச் சமமா? எட்டினால் வேலையைப் பற்றிய கேள்வியே இல்லாமல் முடிந்துவிடும்.

எட்டாதவர்களுக்குத்தான் நான்கும் ஐந்தும். நான்கு, முன்பு பார்த்த வேலையை இப்போதும் பார்க்க முடியுமா? ஐந்து, அது முடியாதென்றால் வேறு வேலை? இந்த இரண்டுக்கும் போவதற்கு முன்பே உங்கள் திறனை அளந்து ஒரு தாளில் எழுதிவைப்பார்கள். அதன் பெயர் ஆர்எஃப்சி, அதாவது எஞ்சியிருக்கும் வேலைத்திறன்.

ஆர்எஃப்சி: டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும்

வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், விடாமல், உங்களால் அதிகபட்சம் என்ன முடியும் என்பதே ஆர்எஃப்சி. ஒரு நாள் தம் கட்டிச் செய்துவிட்டு மூன்று நாள் படுத்துக்கிடப்பது இதில் சேராது.

உடல் உழைப்பை ஐந்து நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை: 10 பவுண்டு வரை தூக்கலாம், நிற்பதும் நடப்பதும் எட்டு மணி நேரத்தில் சுமார் 2 மணி. இலகு வேலை: எப்போதாவது 20 பவுண்டு, அடிக்கடி 10 பவுண்டு, நிற்பதும் நடப்பதும் சுமார் 6 மணி. நடுத்தரம்: 50 மற்றும் 25. கனமானது: 100 மற்றும் 50. அதற்கு மேல் மிகக் கனம். "எப்போதாவது" என்றால் நாளில் மூன்றில் ஒரு பங்கு வரை; "அடிக்கடி" என்றால் மூன்றில் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை. படிவம் நிரப்பும்போது இந்த அர்த்தம் மனதில் இருக்கட்டும். நம் பேச்சில் தினமும் நான்கு தடவை தூக்கினாலே "அடிக்கடி" என்போம்.

டாக்டரிடம் போய் "இவரால் வேலை செய்ய முடியாது" என்று ஒரு வரி எழுதி வாங்கி வருவார்கள். 2017 மார்ச் 27 முதல் பதிவான விண்ணப்பங்களில் அந்த வரிக்கு மதிப்பே இல்லை. முடியுமா முடியாதா என்பது அரசு தீர்மானிக்க வேண்டிய விஷயம், அதனால் அதை எப்படி எடுத்துக்கொண்டோம் என்று முடிவில் விளக்கக்கூடத் தேவையில்லை என்று விதியே சொல்கிறது. அதே தேதியிலிருந்து, உங்கள் சொந்த டாக்டர் என்பதற்காக அவர் கருத்துக்குத் தனி எடையும் கிடையாது. அவர் சொல்வதற்கு அவருடைய குறிப்புகளிலேயே ஆதாரம் இருக்கிறதா, மற்ற பதிவுகளோடு ஒத்துப்போகிறதா என்று முதன்மையாகப் பார்ப்பார்கள்.

அதனால் கேட்க வேண்டியவை இவை: ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார முடியும், நாள் முழுக்க எவ்வளவு? நிற்க? எத்தனை பவுண்டு? கையைத் தலைக்கு மேல் தூக்க முடியுமா, விரலால் சின்னப் பொருளைப் பிடிக்க முடியுமா? கால்களை உயர்த்திவைக்க வேண்டுமா? மாதத்தில் எத்தனை நாள் வேலைக்கு வராமல் போகலாம்? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தப் பரிசோதனையை வைத்துச் சொல்கிறார் என்பதும் வேண்டும். ஒரு பக்கம் போதும்.

மனநலப் பாதிப்பு என்றால் அளவுகோல் வேறு: புரிந்து நினைவில் வைத்துச் செயல்படுத்துவது, மற்றவர்களோடு பழகுவது, கவனம் சிதறாமல் வேகம் குறையாமல் வேலை செய்வது, மாற்றத்தைச் சமாளித்துத் தன்னைப் பார்த்துக்கொள்வது.

ஐடி வேலையில் இருப்பவர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். உங்கள் வேலையே உட்கார்ந்து பார்ப்பது. முதுகுவலியால் நிற்க முடியாது, தூக்க முடியாது என்று எழுதினால் "சரி, நீங்கள் எங்கே தூக்கினீர்கள்?" என்றுதான் பதில் வரும். எவ்வளவு நேரம் உட்கார முடியவில்லை, மருந்தின் மயக்கத்தில் கோட் ரிவ்யூ எப்படிப் பிசகுகிறது, தட்டச்சு செய்தால் கை எவ்வளவு நேரத்தில் மரத்துப்போகிறது, ஸ்பிரின்ட்டில் எத்தனை நாள் விடுப்பு எடுக்க வேண்டிவந்தது, இதெல்லாம்தான் உங்கள் வழக்கு. கம்பெனி வழங்கும் நீண்டகால டிஸெபிலிட்டி இன்ஷூரன்ஸ் வேறு சமாசாரம். அதில் வழக்கமாக முதல் 24 மாதம் "உங்கள் சொந்தத் தொழில்" முடியுமா என்று பார்ப்பார்கள், பிறகுதான் "எந்த வேலையும்". அரசுத் திட்டத்தில் அந்தச் சலுகை இல்லை.

வேலை வரலாறு: படிவம் 3369

முன்பு கடைசி 15 ஆண்டு வேலைகளைக் கேட்டார்கள். 2024 ஜூன் 22 முதல் கடைசி 5 ஆண்டுகள் மட்டும் போதும். 30 நாட்களுக்குள் தொடங்கி முடிந்த வேலையும் கணக்கில் வராது. பெரிய நிம்மதி இது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு வருடம் கேஸ் ஸ்டேஷன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தது இப்போது உங்களைத் துரத்தி வராது. பழைய பதிப்புப் படிவம் இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, பார்த்து எடுங்கள். கேட்காத வருடங்களை நாமே வலிந்து எழுத வேண்டியதில்லை.

நான்காம் படியில் உங்கள் வேலையை இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். நீங்கள் நிஜமாகச் செய்த விதம். நாட்டில் பொதுவாக அந்த வேலை செய்யப்படும் விதம். இரண்டில் ஏதாவது ஒன்று முடியும் என்றாலும் விண்ணப்பம் தள்ளுபடி. "பொதுவாக" என்பதை எடுத்துத்தரும் முக்கியப் புத்தகம் அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளியிட்ட தொழில் அகராதி. சுருக்கமாக டாட் என்பார்கள். 12,000-க்கும் மேற்பட்ட வேலைகள், ஒவ்வொன்றுக்கும் எண், உழைப்பு நிலை, கற்றுக்கொள்ள ஆகும் காலம் என்று போட்டிருக்கும்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். வயது 52, ஊரில் பத்தாம் வகுப்பு, இந்திய மளிகைக் கடையில் ஏழு வருடம். முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆகிவிட்டது. படிவத்தில் "கேஷியர்" என்று மட்டும் எழுதுகிறார். டாட்டில் கேஷியர் என்பது இலகு வேலை. அவருடைய ஆர்எஃப்சியும் இலகு வேலை என்று வந்தால், நிஜத்தில் அவர் என்ன தூக்கியிருந்தாலும், "பொதுவாகச் செய்யப்படும் கேஷியர் வேலைக்கு நீங்கள் திரும்பலாம்" என்று நான்காம் படியிலேயே முடித்துவிடுவார்கள்.

அதே மனிதர் இப்படி எழுதியிருந்தால்?

"வாரம் 6 நாள், நாளுக்கு 9 மணி நேரம். காலையில் கடை திறந்து காய்கறிப் பெட்டிகளைக் குளிர் அறையிலிருந்து எடுத்து அடுக்குவேன், ஒவ்வொன்றும் 25 முதல் 30 பவுண்டு. செவ்வாயும் வெள்ளியும் லாரி வரும். 40 பவுண்டு அரிசி மூட்டைகளைப் பேலட்டிலிருந்து இறக்கித் தோளில் வைத்து உள்ளே கொண்டுபோவேன், இரண்டு பேர் மட்டும்தான். மற்ற நாட்களில் தீர்ந்த மூட்டைகளை மாற்றுவேன், கீழ்த்தட்டில் பருப்பு, மாவு அடுக்க மண்டியிட வேண்டும். மதியம் ஒரு மணிக்கு மேல் பில் கவுண்டர், நின்றுகொண்டுதான், ஸ்டூல் கிடையாது. மொத்தம் நிற்பது 5 மணி, நடப்பது 3, உட்காருவது சாப்பாட்டு நேரத்தோடு 1. அதிகபட்ச எடை 40 பவுண்டு."

இது கேஷியர் வேலை மட்டுமல்ல. சரக்கு இறக்கி அடுக்குபவரின் வேலையும் இதில் பாதி. இரண்டு தொழில்களின் முக்கியப் பகுதிகள் கலந்திருந்தால் அதைக் கூட்டு வேலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு டாட்டில் ஜோடி கிடையாது, ஆகவே "பொதுவாகச் செய்யப்படும் விதம்" என்ற ஒப்பீடு எடுபடாது. நிஜமாகச் செய்த விதமோ 40 பவுண்டு, அதாவது நடுத்தர உழைப்பு. இலகு ஆர்எஃப்சி உள்ளவரால் முடியாது. நான்காம் படி தாண்டியாயிற்று.

இதில் ஒரு பொய்யும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எடையை ஊதிப் பெருக்கினால் முதலாளியிடம் விசாரிக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். மூட்டையில் அச்சடித்திருக்கும் எடையை எழுதினாலே போதும்.

இன்னொரு பழக்கம் எனக்குப் புரிவதேயில்லை. உறவினர் ஓட்டலில் தோசைக்கல்லின் முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நின்றவர், விசிட்டிங் கார்டில் இருக்கிறதே என்று "மேனேஜர்" என்று எழுதுவார். கல்யாணப் பத்திரிகையில் போட அது நன்றாக இருக்கும். இங்கே மேனேஜர் என்றால் திறன் வேலை. கணக்கு, ஆள் நிர்வாகம், ஆர்டர் எடுப்பது எல்லாம் உட்கார்ந்து செய்யும் வேறு வேலைக்கு எடுத்துச் செல்லக்கூடிய திறன்கள் என்று கணக்கிடுவார்கள். யாரையாவது வேலைக்கு எடுத்தீர்களா, நீக்கினீர்களா, கணக்கு முடித்தீர்களா? இல்லையென்றால் சமையற்காரர் என்றே எழுதுங்கள்.

அன்றாட வாழ்க்கையைக் கேட்கும் படிவம் 3373-இலும் இதே நிதானம் வேண்டும். "சமைப்பேன்" என்று எழுதாதீர்கள். "ரைஸ் குக்கரில் அரிசி வைப்பேன், மகள்தான் பாத்திரத்தை இறக்குவாள், பத்து நிமிஷம் நின்றால் உட்கார வேண்டும்" என்று எழுதுங்கள். நமக்கோ வீட்டு வேலை முடியவில்லை என்று சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சம் படிவத்தில் திறமையாகப் பதிவாகிவிடும்.

ஐந்தாம் படி: வயது, படிப்பு, பின்னே அந்தப் பழைய புத்தகம்

இங்கே ஆதாரம் காட்டும் பொறுப்பு அரசின் பக்கம் வருகிறது. முதலில் கிரிட் என்று சொல்லப்படும் அட்டவணையைப் பார்ப்பார்கள். உழைப்பு நிலை, வயது, படிப்பு, முன் வேலையின் திறன் நான்கையும் வைத்து ஆம் அல்லது இல்லை என்று சொல்லும். வயதில் 50-ம் 55-ம் பெரிய எல்லைகள்.

நம் மளிகைக் கடைக்காரரையே பொருத்திப் பார்ப்போம். 52 வயது, பத்தாம் வகுப்பு (7 முதல் 11 வரை குறைந்த கல்வி என்ற பிரிவு), வேறு வேலைக்கு மாறக்கூடிய திறன் இல்லை. ஆர்எஃப்சி இலகு என்றால் கிரிட் "ஊனமில்லை" என்கிறது. உட்கார்ந்து செய்யும் வேலை மட்டுமே முடியும் என்றால் "ஊனம்" என்கிறது. அதே ஆள் 55-ஐத் தொட்டுவிட்டால் இலகு ஆர்எஃப்சியோடும் "ஊனம்". ஆக 52 வயதில் அவருடைய வழக்கு முழுக்க, நாளில் 6 மணி நேரம் நிற்க முடியுமா 2 மணி நேரம்தானா என்பதில் போய் நிற்கிறது. டாக்டரிடம் எந்தக் கேள்வியை அழுத்திக் கேட்க வேண்டும் என்பது இப்போது தெரிந்திருக்கும். அடுத்த வயதுப் பிரிவுக்குச் சில நாட்களோ சில மாதங்களோதான் பாக்கி என்றால் அதையும் பரிசீலிக்கக் கேட்கலாம்.

மொழி பற்றி ஒரு விஷயம். ஆங்கிலம் பேசத் தெரியாதது முன்பு கல்விப் பிரிவில் ஒரு தனிச் சாதகமாக இருந்தது. 2020 ஏப்ரல் 27 முதல் அது கிடையாது. தமிழ் வழியில் படித்த பத்தாம் வகுப்பும் பத்தாம் வகுப்புதான். பேட்டிக்கும் விசாரணைக்கும் இலவசமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கும் உரிமை மட்டும் அப்படியே இருக்கிறது. மருமகனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அவர் சுருக்கிச் சொல்லிவிடுவார்.

கிரிட் நேராகப் பொருந்தாத வழக்குகளில், அதாவது வலி, கவனச் சிதறல், கை உபயோகம் போன்ற தடைகள் இருந்தால், மேல்முறையீட்டில் நிர்வாக நீதிபதி முன் நடக்கும் விசாரணையில் தொழில் நிபுணர் ஒருவர் வருவார். "இப்படிப்பட்ட ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவரால் என்ன வேலை செய்ய முடியும்?" என்று நீதிபதி கேட்பார். நிபுணர் இரண்டு மூன்று வேலைப் பெயர்களும் நாட்டில் எத்தனை இருக்கின்றன என்ற எண்ணிக்கையும் சொல்வார்.

சிக்கல் அந்தப் பெயர்களில்தான். டாட் புத்தகத்தின் நான்காம் பதிப்பு 1977-இல் வந்தது, கடைசித் திருத்தம் 1991. இணையத்துக்கு முந்தைய அமெரிக்காவின் தொழிற்சாலைத் தளம் அப்படியே அதில் உறைந்திருக்கிறது. கொட்டை தரம் பிரிப்பவர், மர ஆணி பரிசோதகர், முட்டை பதப்படுத்துபவர் போன்ற வேலைகளைக் காட்டி விண்ணப்பங்களை மறுத்துவந்தார்கள். கடைசியில் 2024 ஜூனில், இப்படி அருகிப்போன 114 வேலைகளை மறுப்புக்குக் காரணமாக இனிமேல் காட்ட மாட்டோம் என்று சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் அறிவித்தது. மறுப்புக் கடிதத்தில் வினோதமான வேலைப் பெயர் இருந்தால் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2025 ஜனவரி 6 முதல் இன்னொரு மாற்றம்: நிபுணர் டாட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை, வேறு நம்பகமான தரவையும் பயன்படுத்தலாம், எதை வைத்துச் சொல்கிறார் என்று விளக்க வேண்டும். டாட்டோடு முரண்படுகிறதா என்று தேடிச் சரிசெய்யும் கடமை நீதிபதிக்கு முன்பு இருந்தது, இப்போது இல்லை. அதாவது குடைந்து கேட்கும் பொறுப்பு உங்கள் பக்கம் வந்துவிட்டது. 2019-இல் பீஸ்டெக் வழக்கில், நிபுணர் தன் தனிப்பட்ட தரவைக் காட்ட மறுத்ததற்காக மட்டும் அவர் சாட்சியம் செல்லாததாகிவிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் கேட்காமல் விட்டால் பிறகு அழுது பயனில்லை.

விசாரணையில் கேட்க வேண்டியவை: இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? அது இந்த ஒரு வேலைக்கா, பல வேலைகள் அடங்கிய குழுவுக்கா? இன்று இந்த வேலை எப்படி நடக்கிறது, கணினி வேண்டுமா? இந்த ஆள் மாதம் இரண்டு நாள் வராவிட்டால் வேலை நிலைக்குமா? நாளில் 15 சதவீத நேரம் வேலையில் கவனமில்லாமல் இருந்தால்? உட்காருவதும் நிற்பதும் அவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ள வேண்டும் என்றால்? கடைசி மூன்றுக்கும் வரும் பதில்தான் பல வழக்குகளைத் திருப்பும். ஆனால் அந்தத் தடைகள் மருத்துவப் பதிவில் ஏற்கெனவே இருக்க வேண்டும். தொழிலாளர் புள்ளியியல் துறை நடத்தும் தொழில் தேவைகள் கணக்கெடுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; நிற்கும் நேரம், தூக்கும் எடை, கணினிப் பயன்பாடு எல்லாம் தொழில்வாரியாக அதில் உண்டு. வக்கீலிடம் எடுத்துக் கொடுங்கள்.

தேதிகள், வக்கீல், பணம்

மறுப்பு வந்தால் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு. தபாலுக்கு 5 நாள் கூடுதலாகக் கொள்வார்கள். மறுபரிசீலனை, நிர்வாக நீதிபதி, மேல்முறையீட்டுக் குழு, அப்புறம் ஃபெடரல் நீதிமன்றம் என்று வரிசை. நிறையப் பேர் மேல்முறையீட்டை விட்டுவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்கிறார்கள். அதில் பழைய தேதிக்கான பாக்கியும் போகலாம், காலாவதித் தேதியும் கடந்துவிடலாம். விசாரணைக்குக் குறைந்தது 75 நாள் முன்பு அறிவிப்பு வரும். ஆதாரங்களை விசாரணைக்கு 5 வேலை நாட்களுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், அல்லது இன்னது வரவேண்டியிருக்கிறது என்று எழுத்தில் சொல்லிவைக்க வேண்டும்.

வக்கீலுக்கு முன்பணம் தேவையில்லை. வழக்கமான கட்டண ஒப்பந்தத்தில் ஜெயித்தால் மட்டும் பாக்கித் தொகையில் 25 சதவீதம் அல்லது அரசின் உச்சவரம்பு (2024 நவம்பர் 30 முதல் 9,200 டாலர்), இதில் எது குறைவோ அது. முன்கூட்டியே ரொக்கம் கேட்கும் "தெரிந்த ஆள்" வந்தால் நழுவிவிடுங்கள்.

எஸ்எஸ்டிஐயில், ஊனம் தொடங்கியதாக முடிவான தேதியிலிருந்து முதல் ஐந்து முழு மாதங்களுக்குப் பணம் வராது. உதவித்தொகைக்கான தகுதி தொடங்கி 24 மாதம் கழித்து மெடிகேர் கிடைக்கும், ஒருசில நோய்களுக்கு மட்டும் விலக்கு. இடைப்பட்ட காலத்துக்கான மருத்துவக் காப்பீட்டை, வேலையை விடும் வாரத்திலேயே யோசித்து வையுங்கள்.